கனநீர் பாரத்தண்ணியான கதை

போன கிழமை கீர்த்திகா தொலைபேசி எடுத்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் ஆய்வுகூடத்தில் என் கதிரைக்கு வந்த பிள்ளை.

"குணம் அண்ணை, குளிர்ப்பெட்டிக்குள்ளை ஒரு தட்டிலை 'பாரத்தண்ணி' எண்டு பெரிசா எழுதி ஒட்டிக் கிடக்கு. அடுத்த மாதம் வெளியிலை இருந்து ஆய்வுகூடம் பாக்க வருகினம். அதைக் கிழிச்சுப்போட்டு, டொக்டரின்ரை கையேட்டிலை உள்ள மாதிரி 'கனநீர்' எண்டு வடிவா ரைப் பண்ணி ஒட்டட்டோ?"

"தொடாதேங்கோ!"

நான் போட்ட சத்தத்தில், குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மனைவி கையில் வெங்காயத்தோடேயே ஓடி வந்துவிட்டாள். யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்தாளாம். அந்தப் பக்கம் கீர்த்திகா சிரிக்கிறாள். "அப்ப ஏனெண்டாவது சொல்லுங்கோவன்" என்றாள். அது தொலைபேசியில் சொல்லி முடிகிற விஷயமா? எழுதித் தருகிறேன் பிள்ளை என்றேன். எழுத உட்கார்ந்தால் மற்றதெல்லாம் சேர்ந்து வருகிறது.

நான் அந்த ஆய்வுகூடத்துக்குப் போனது போத்தில் கழுவ. பிறகு சண்டையில் இடம்பெயர்ந்தோம், திரும்பி வந்தோம், கூரையில்லாத அறையில் உடைந்த கண்ணாடிகளைக் கூட்டி அள்ளினோம். அதையெல்லாம் எழுதப் போனால் இந்தக் கதை தொடங்காது. கழுவிய கையில் ஒரு நாள் யாரோ சொட்டு அளக்கும் பிப்பெற்றைத் தந்தார்கள். அதற்குப் பிறகு நான் அதைக் கீழே வைக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓய்வு பெறுகிறபோது தொழில்நுட்ப உத்தியோகத்தர் என்ற பெயர் இருந்தது. பெயர் நீளமாகியதே தவிர, போத்திலை இன்னும் நானேதான் கழுவிக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் கழுவினால் எனக்குப் பிடிக்காது.

டொக்டர் மைதிலி வந்தது என் வேலைக்காலத்தின் கடைசிப் பகுதியில். மண்ணில் வாழும் நுண்ணங்கிகளைப் படித்தவர். சின்னப்பிள்ளையாக இருக்கும்போதே வடக்குக் கடற்கரையிலிருந்து வள்ளத்தில் இந்தியாப் பக்கம் போனவர்களில் ஒருவர். திருச்சியில் படித்து, அங்கேயே பட்டமும் வாங்கித் திரும்பியிருந்தார். வீட்டுப் பேச்சு எங்கள் பேச்சு. படிப்புச் சொல் மட்டும் திருச்சி. நாங்கள் நுண்ணங்கி என்றால் அவர் நுண்ணுயிரி என்பார். நாங்கள் சமதானி என்றால் அவர் ஐசோடோப்பு என்பார். "டொக்டர், உங்கடை வாய்க்குள்ளை ஒரு கடல் கிடக்கு" என்று நான் பகிடி பண்ணுவேன். சிரிப்பார். ஆனால் ஒரு விஷயத்தில் பிடிவாதம். தோட்டக்காரர்களோடு கதைக்கும்போது ஒரு இங்கிலீஸ் சொல்லும் வரக் கூடாது. எங்கள் சனத்தை இங்கிலீசால் மிரட்டினது போதும் என்பார்.

இன்னொரு பழக்கம், எதைக் கேட்டாலும் "இப்ப தெரியாது" என்பது. மாணவர்கள் முடிவு வருமா என்று கேட்டாலும் அதுதான், அதிகாரிகள் கேட்டாலும் அதுதான். சோற்றுக்கு உப்புக் காணுமா என்று கேட்டால்கூட நாலு வாய் சாப்பிட்டுத்தான் சொல்லுவார். ஒருபோதும் குரலை உயர்த்த மாட்டார். மனம் சரியில்லாவிட்டால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைப்பார். எவ்வளவு நேரம் துடைக்கிறாரோ அவ்வளவு பெரிய பிரச்சினை என்று நாங்கள் விளங்கிக்கொள்வோம்.

மருதனார்மடத்தில் ஒரு மண்டபத்தில் விவசாயிகள் கூட்டம் நடந்தபோதுதான் தவமணி அக்காவைக் கண்டோம். அறுபது தாண்டிய மனிசி, தனியாள். கீரிமலைப் பக்கம் அவர்களுடைய தோட்டக்காணி கனகாலம் ஆமியிடம் இருந்து, போக முடியாத இடமாகக் கிடந்து, அப்போதுதான் விடுபட்டிருந்தது. போய்ப் பார்த்தால் மேல்மண்ணைக் காணவில்லை. கொங்கிறீற் துண்டும் பற்றையும்தான் கிடந்தன. துப்புரவாக்கி எரு போட்டு மரவள்ளி நட்டார். அது மஞ்சளாகி நின்றதாம். கனடாவில் இருக்கும் தம்பி, அந்த மண் செத்துவிட்டது, விற்றுவிடுவோம் என்று நிற்கிறார். கலியாண மண்டபம் கட்ட ஆளும் வந்துவிட்டது. அக்காவுக்கு மனமில்லை. எழும்பி நின்று எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"டொக்டர், என்ரை மண் செத்துப்போச்சோ? செத்தது எண்டு நீங்கள் சொன்னால் நான் தம்பிக்கு ஓம் எண்டிடுவன்."

"இப்ப தெரியாது, அக்கா."

"அப்ப எப்ப தெரியும்?"

இத்தனை வருசத்தில் டொக்டரிடம் அப்படித் திருப்பிக் கேட்ட ஒருவரையும் நான் கண்டதில்லை. டொக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

ஏன் தெரியாது என்று விளங்கப்படுத்த வேண்டும். மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்து, அதிலுள்ள நுண்ணங்கிகளின் டிஎன்ஏயைப் பிரித்துப் பார்த்தால் எத்தனையோ வகை இருக்கும். ஆனால் செத்தவையின் டிஎன்ஏயும் அதே மண்ணுக்குள் நெடுங்காலம் கிடக்கும். தூங்குபவையும் கிடக்கும். யார் இருக்கிறார்கள் என்று தெரியுமே தவிர, இப்போது யார் வளர்கிறார்கள் என்று தெரியாது. அதற்குத்தான் இந்தத் தண்ணீர். சாதாரணத் தண்ணீரில் உள்ள ஒட்சிசனைவிடச் சற்றுப் பாரம் கூடிய ஒட்சிசன் ஒன்று இருக்கிறது. கதிர்வீச்சு ஒன்றும் இல்லை, பாரம் மட்டும்தான். அந்த ஒட்சிசன் உள்ள தண்ணீரை மண்ணுக்குக் கொடுத்தால், வளர்கின்ற நுண்ணங்கி அதை எடுத்துப் புதிய டிஎன்ஏ செய்யும். அந்த டிஎன்ஏ பாரமாக இருக்கும். சும்மா கிடப்பதும் செத்ததும் பழைய பாரத்திலேயே இருக்கும். பிறகு பாரத்தை வைத்துப் பிரித்துப் பார்க்க வேண்டியதுதான். டொக்டர் அந்தத் தண்ணீரைக் கனநீர் என்பார். நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தது பாரநீர். அவர் சொல்லிச் சொல்லி ஆய்வுகூடத்தில் எல்லோருக்கும் கனநீர் பழகிவிட்டது.

அது வெளிநாட்டிலிருந்து வந்தது. ஒரு தேத்தண்ணிக் கிளாசில் பாதிகூட வராது. சுங்கத்தில் மறித்துவிட்டார்கள். சுற்றிவரத் தண்ணீர் உள்ள நாட்டுக்கு எதற்குத் தண்ணீர் இறக்குமதி என்று கேட்டார்களாம். கேள்வி நியாயம்தானே. இதைக் குடிக்கலாமா என்று அங்கிருந்தவர் தொலைபேசியில் கேட்க, "குடிக்கலாம், ஆனா குடிக்க விடமாட்டன்" என்றார் டொக்டர். போத்தில் வந்து சேர்ந்த அன்று அதன் விலையைச் சொன்னார். நான் மற்றக் கையையும் கொடுத்துப் பிடித்தேன்.

தவமணி அக்காவின் காணிக்குப் போன நாள் எனக்கு இப்போதும் அப்படியே தெரிகிறது. கடற்காற்று. நகுலேஸ்வரம் கோயில் மணி கேட்கிற தூரம். செம்மண்தான், ஆனால் அலவாங்குக் கம்பியைப் போட்டால் கல்லில் பட்ட மாதிரிச் சத்தம் வந்தது. பால்மா ரின் அகலத்துக்கு வெட்டிய பைப் துண்டுகளை மண்ணில் அடித்து இறக்கினேன். அந்த வளையங்களுக்குள் டொக்டர் முழங்காலில் இருந்து, ஊசியால் சொட்டுச் சொட்டாகக் கனநீரை விட்டார். ஒரு சொட்டு விழுந்து மண் குடித்த பிறகுதான் மற்றச் சொட்டு. முடிந்ததும் வளையங்களைத் தகரத்தால் மூடச் சொன்னார். நான் தகரம் எடுக்க எங்கள் வான் வண்டிக்குப் போனேன். அந்த நேரம் டொக்டர் அக்காவுக்குச் சொன்னது எனக்கும் காதில் விழுந்தது.

"அக்கா, இந்த வளையத்துக்குள்ளை கனநீர்தான் விடலாம். வேறை தண்ணி ஒரு சொட்டும் படக் கூடாது. கவனமாப் பாத்துக்கொள்ளுங்கோ."

"ஓம் டொக்டர், நான் பாத்துக்கொள்ளுறன். நீங்கள் யோசிக்காதேங்கோ."

ஒரு கிழமை கழித்துப் போனோம். காணிக்குப் போகும் சின்ன ஒழுங்கையில் திரும்பும்போதே நான் கண்டேன், வளையங்களைச் சுற்றி மண் கறுத்து, ஈரம் ஊறிக் கிடந்தது. ஓரத்தில் பச்சைப் புல் முளைத்திருந்தது. மழை பெய்யவில்லை. தகரங்கள் ஒழுங்காக அடுக்கிப் பக்கத்தில் வைக்கப்பட்டிருந்தன. தவமணி அக்கா வாளியோடு கிணற்றடியில் நின்றார், முகம் முழுக்கச் சிரிப்பு.

"வாங்கோ டொக்டர். நீங்கள் சொன்ன மாதிரியே கன நீர் விட்டனான். விடிய ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா. குழாய்த் தண்ணி ஒரு சொட்டும் படேல்லை. எல்லாம் எங்கடை கிணத்து நல்ல தண்ணி."

யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த எவருக்கும் கன என்றால் நிறைய என்றுதானே பொருள். கனபேர், கனகாலம், கன தூரம். கனநீர்தான் விடலாம், வேறு தண்ணீர் படக் கூடாது என்றால் அந்த மனிசி என்ன விளங்கிக்கொள்ளும்? நிறையத் தண்ணீர் விட வேண்டும், அதுவும் கண்ட தண்ணீரும் விடக் கூடாது. அப்படியே செய்திருந்தார், ஒரு நாளும் தவறாமல். அதைக் காதால் கேட்ட எனக்கும் அன்று அது உறைக்கவில்லை. எனக்குக் காது பழகிப்போய் இருந்தது.

டொக்டர் வளையங்களுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தார்.

"எவ்வளவு விட்டனீங்கள், அக்கா?"

"கனக்க, டொக்டர். குறைவில்லாமல் விட்டனான்."

கண்ணாடி கழன்றது. துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு போட்டுக்கொண்டு, "நல்லாத்தான் பாத்திருக்கிறியள், அக்கா. சரியான உதவி" என்றார். அக்கா எங்களுக்குத் தேத்தண்ணி போட ஓடினார்.

வானில் ஏறியதும் நான் வெடித்தேன். இவ்வளவு காசு, இவ்வளவு பாடு, எல்லாம் அந்தச் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் கடலுக்குப் போய்விட்டதே, அந்த மனிசிக்கு நடந்ததைச் சொல்லத்தானே வேண்டும் என்றேன். எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. டொக்டர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ கேட்டதைத்தான் செய்தவ, குணம் அண்ணை. நான்தான் அவவின்ரை பாசையிலை சொல்லேல்லை."

அன்று பின்னேரமே ஒரு கடுதாசித் துண்டில் தன் கையால் 'பாரத்தண்ணி' என்று பெரிதாக எழுதிக் குளிர்ப்பெட்டித் தட்டில் ஒட்டினார். கீர்த்திகா கிழிக்கப் பார்த்தது அந்தத் துண்டைத்தான்.

போத்திலின் அடியில் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. வயலில் இன்னொரு முறை செய்யக் காணாது, ஆய்வுகூடத்தில் சின்னக் குப்பிகளில் செய்யக் காணும். அதே காணியில், தண்ணீர் விடாத மூலையிலிருந்து மண் எடுத்தோம். ஏன் திரும்பவும் எடுக்கிறீர்கள் என்று அக்கா கேட்டார். "போனமுறை நான் ஒண்டைப் பிழையாச் சொல்லிப்போட்டன்" என்றார் டொக்டர். ஒப்பிட்டுப் பார்க்க, புத்தூரில் வருசாவருசம் வெங்காயம் போடுகிற ஒரு தோட்டத்து மண்ணும் எடுத்தோம். மண்ணில் ஏற்கெனவே இருக்கும் ஈரம் பாரத்தண்ணியோடு கலந்து அதைக் கெடுத்துவிடும் என்பதால் நிழலில் மெல்ல உலர்த்தினோம். பிறகு ஒவ்வொரு காணி மண்ணிலும் ஒரு குப்பிக்குப் பாரத்தண்ணி, ஒரு குப்பிக்குச் சாதாரணத் தண்ணீர். மூடி, இருட்டில் வைத்தோம். குறித்த நாள் வந்ததும் உறைய வைத்து, டிஎன்ஏயைப் பிரித்தெடுத்தேன். அதுவரை எல்லாம் என் கைக்குள் இருந்த வேலை.

அடுத்தது மையநீக்கி. டிஎன்ஏயை ஒரு பாரமான உப்புக் கரைசலில் கலந்து, சின்னக் குழாய்களில் நிரப்பி, பயங்கர வேகத்தில் இரண்டு மூன்று நாள் விடாமல் சுழற்ற வேண்டும். பாரமானது கீழே, பாரம் குறைந்தது மேலே என்று அது தானாக நிரைப்படும். எதிரெதிராக வைக்கும் குழாய்கள் ஒரே எடையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இயந்திரமே பிய்த்துக்கொண்டு போகும். நான் தராசில் வைத்து ஒரு துளி விட்டு, ஒரு துளி எடுத்து, மூச்சை அடக்கிச் சரி பார்ப்பேன். டொக்டர் பக்கத்தில் நின்று தானும் மூச்சை அடக்குவார். அந்த வேலை எனக்கு இப்போதும் கனவில் வருகிறது. கைகளுக்கு அந்த ஆசை போகவில்லை.

ஆனால் அது மின்வெட்டுக் காலம். நாட்டில் எரிபொருளே இல்லை. சுழலும்போது மின்சாரம் நின்றால் நிரைப்பட்டது எல்லாம் கலைந்துவிடும். ஜெனரேற்றர் இருந்தது, அதற்குள் டீசல் இல்லை. குழாய்களுக்குப் போட வைத்திருந்த டிஎன்ஏ குளிர்ப்பெட்டியில் கிடந்தது. அந்தக் குளிர்ப்பெட்டிக்கும் மின்சாரம் எத்தனை நாள் என்று தெரியாது.

தவமணி அக்கா கிழமைக்கு ஒருக்கா சைக்கிளில் வந்து வாசலில் நிற்பார். தம்பி தொலைபேசியில் நெருக்குகிறாராம், மண்டபக்காரர் வேறு காணி பார்க்கப் போகிறாராம். டொக்டர் ஒளிக்காமல் நிலைமையைச் சொன்னார். டீசல் இல்லை, அது வந்தால்தான் உங்கள் கேள்விக்குப் பதில். அக்கா சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். அடுத்த நாள் திரும்பி வந்தார், கரியரில் ஒரு கலன் கட்டியிருந்தது.

"உது என்ன, அக்கா?"

"டீசல். உழுறதுக்கு எண்டு ஒளிச்சு வச்சிருந்தனான்."

"ஐயோ, வேண்டாம். உழவுக்கு வச்சதை நாங்கள் எரிக்கேலாது."

"மண் செத்தது எண்டால் பேந்தென்ன உழவு, டொக்டர்? உயிரோடை இருக்கெண்டால் அப்ப பாப்பம். இப்ப இதைப் பிடியுங்கோ."

டொக்டர் அதை வாங்கவில்லை. நான் வாங்கினேன். கலனின் மூடி சரியாக இறுகவில்லை என்று யாரையோ ஏசினேன்.

மையநீக்கி சுழன்றது. மின்சாரம் நிற்கும், அதன் மின்கலம் சில நிமிசம் தாங்கும், அதற்குள் நான் ஓடிப்போய் ஜெனரேற்றரை இழுத்துத் தொடக்க வேண்டும். சத்தத்தைக் கேட்டு மற்றப் பகுதிக்காரர் தங்கள் தொலைபேசிகளைச் சார்ஜ் பண்ண வருவார்கள். நான் வாசலில் நின்று கலைத்தேன். எத்தனை பேரின் பகையைத் தேடினேனோ தெரியாது. ஒரு சொட்டு டீசலும் வேறெங்கும் போகவில்லை.

நின்ற பிறகு குழாயின் அடியை ஊசியால் குத்தி, சொட்டுகளைச் சின்னச் சின்னக் குப்பிகளில் பிடித்தேன். முதலில் வருவது பாரமானது. ஒவ்வொரு குப்பியிலும் எவ்வளவு பாரம், எவ்வளவு டிஎன்ஏ என்று அளந்து வரைபுத்தாளில் கோடு கீறினோம். புத்தூர் மண்ணில் பாரத்தண்ணி விட்ட குப்பியின் கோடு, சாதாரணத் தண்ணீர்க் கோட்டிலிருந்து நன்றாக நகர்ந்து பாரப் பக்கம் போயிருந்தது. தவமணி அக்கா மண்ணின் கோட்டை டொக்டர் குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்க்கச் சொன்னார். மிஞ்சியதை வைத்துத் திரும்பவும் அளக்கச் சொன்னார். அளந்தேன். அதே இடம்தான். கோடு நகர்ந்திருந்தது. கொஞ்சம்தான், ஆனால் நகர்ந்திருந்தது.

சொல்வதற்கு டொக்டர் என்னையும் கூட்டிக்கொண்டு காணிக்கே போனார். அவர் சொல்லப்போகும் சொல்லில் ஒரு மனிசியின் காணி நிற்கிறது. உயிர் இருக்கிறது என்று சொல்லி, பிறகு விளையாவிட்டால் வாங்க வந்த ஆளும் போய்விடும். அக்கா எங்களைக் கண்டதும் மண்வெட்டியை வைத்துவிட்டு வந்தார்.

"அக்கா, புத்தூர் மண்ணோடை பாத்தால் உங்கடை மண்ணிலை கொஞ்சம்தான் இருக்கு. ஆனா அந்தக் கொஞ்சமும் வளருது."

"கனக்க இல்லையோ?"

"கனக்க இல்லை."

"செத்ததோ?"

"இல்லை."

டொக்டரின் வாயிலிருந்து அப்படி ஒரு வெட்டொன்று துண்டிரண்டான சொல் வந்ததை அன்றுதான் கேட்டேன். அக்கா காணியை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"வெங்காயம் வருமோ?"

"அது இப்ப தெரியாது."

அக்கா கையிலிருந்த மண்ணைச் சேலையில் துடைத்தார்.

"அப்ப என்ரை டீசலைத் திருப்பித் தாங்கோ."

அடுத்த நாள் விடியவே டொக்டர் கலனோடு எரிபொருள் வரிசையில் நின்றார், பக்கத்தில் நான். வெயில் ஏறி, நிழல் போய், வரிசை மட்டும் அசையவில்லை. முன்னால் நின்ற கிழவர் திரும்பிக் கேட்டார்.

"என்ன பிள்ளை, வாகனத்துக்கோ?"

"இல்லை ஐயா, உழவுக்கு."

"அப்பிடியோ? கன காணியோ?"

டொக்டர் என்னைப் பார்த்தார். நான் டொக்டரைப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றினார், ஆனால் துடைக்க முடியவில்லை, சிரிப்பில் கலன் கையிலிருந்து விழுந்து உருண்டது. நானும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். வரிசையில் நின்றவர்கள் எங்களுக்கு வெயில் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

டொக்டர் இப்போது வேறு ஊரில் இருக்கிறார். அந்தக் காலம் திரும்பி வராது என்று எனக்குத் தெரியும், ஆனாலும் மனம் அங்கேயே சுற்றுகிறது. அக்காவின் காணியில் முதல் போகம் சரிவரவில்லை. இரண்டாவது பரவாயில்லை. கீர்த்திகா, நீங்கள் தொலைபேசி எடுத்த அன்று என் மனைவி குசினியிலிருந்து கையில் வெங்காயத்தோடு ஓடி வந்தாள் என்று எழுதினேனே, அது தவமணி அக்காவின் காணி வெங்காயம்.